தாம்பரத்துப் பூனையும் ஜோகன்னஸ்பர்க் கூண்டும்

சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் ஏதாவது ஒரு கால்நடை மருத்துவமனை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை கொஞ்ச நேரம் நின்றால் போதும், பூனையைத் தூக்கிவர நம் ஆட்கள் எத்தனை வழி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஜவுளிக்கடைக் கட்டைப்பையிலிருந்து ஒன்று தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு காய்கறிக் கூடைகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து நைலான் கயிற்றால் கட்டி, அதற்குள் இன்னொன்று. அட்டைப்பெட்டியில் ஒன்று, பழைய துண்டில் சுற்றி ஒன்று, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் பையனின் சட்டைக்குள் ஒன்று. இப்போது கொஞ்ச காலமாக, வட்டக் கண்ணாடி பதித்த முதுகுப் பைகளில் பெர்சியன் பூனைகளும் வருகின்றன. எதில் வந்தாலும் பெரும்பாலானவற்றின் நிலை ஒன்றுதான். கண்மணி முழுதாக விரிந்திருக்கும், காது பக்கவாட்டில் படிந்திருக்கும், வாயோரம் எச்சில் வழிந்திருக்கும்.

“கார்னாலே இதுக்கு ஆகாது டாக்டர்” என்பார் கொண்டுவந்தவர். கார் என்றால் என்னவென்று பூனைக்குத் தெரியாது. சற்று முன்வரை காலடியில் இருந்த வீடு காணாமல் போய்விட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். காருக்குப் பூனையைப் பழக்க நினைப்பவர்கள் காரிலிருந்து தொடங்கித் தோற்றுப்போவது இதனால்தான்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரியும் ஒரு காட்டுப்பூனை. ஃபெலிஸ் லிபிகா என்று பெயர். 2007-ல் சயன்ஸ் இதழில் வெளியான மரபணு ஆய்வு நம் வீட்டுப் பூனைகளின் வம்சாவளியை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு காலம் நம்மோடு ஒட்டியிருந்தும் பூனையின் அடிப்படைக் குணம் மாறவில்லை. அது தனியாக வேட்டையாடும் பிராணி. ஓநாய் வழிவந்த நாய்க்குத் தன் கூட்டம் எங்கே போகிறதோ அதுவே வீடு. பூனைக்கோ எலி வரும் வழி, எதிரி வரும் வழி, ஆபத்தென்றால் நுழைந்துகொள்ளும் இண்டு எல்லாம் அத்துப்படியான ஒரு துண்டு இடம்தான் உயிர்ப் பாதுகாப்பு.

அந்த இடத்துக்கு அது மூக்கால் பட்டா போட்டு வைத்திருக்கிறது. கதவு நிலை, சோபா முனை, பிரிட்ஜின் ஓரம், உங்கள் கணுக்கால் என்று கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போகிறதே, அப்போது கன்னச் சுரப்பிகளிலிருந்து சில வேதிப்பொருள்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. பூனையின் மேலண்ணத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், ஜேக்கப்சன் உறுப்புக்குப் போகும் நுண்துளைகள் உண்டு. மூக்கைத் தவிர இப்படிப்பட்ட வேதிச் செய்திகளை வாசிக்க அதற்குத் தனியாக இருக்கும் கருவி அது. பிரெஞ்சு ஆய்வாளர் பாட்ரிக் பஜா 1990-களில் இந்தக் கன்னச் சுரப்பைப் பகுத்துப் பார்த்தார். பூனை தனக்குப் பழகிய பொருள்களின் மீது தடவும் ஒரு பகுதிக்கு எஃப்3 என்று பெயர் வந்தது. அதன் செயற்கை வடிவம்தான் இன்று செல்லப்பிராணிக் கடைகளில் ஸ்ப்ரேயாக விற்கிறது. வாசலைத் தாண்டிய கணத்தில் இந்தக் கையெழுத்துகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பூனைக்கு மறைந்துபோகின்றன.

சாக்கில் கட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த பூனை, விட்டவர் வீடு திரும்பும் முன்பே திண்ணையில் உட்கார்ந்திருந்த கதை நம் ஊர்களில் எல்லாம் உண்டு. கொஞ்சம் மிகை இருக்கலாம், முழுப்பொய் இல்லை. பிரான்சிஸ் ஹெரிக் என்ற அமெரிக்க விலங்கியலாளர் குட்டி போட்ட ஒரு பூனையைச் சில மைல் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் பலமுறை விட்டுப் பார்த்து 1922-ல் எழுதினார். திரும்பத் திரும்ப அது குட்டிகளிடம் வந்து சேர்ந்தது; தூரம் பத்து மைலுக்கு மேல் போனபோதுதான் வரவில்லை. இதை வைத்துக்கொண்டு, பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆள் ஒரு பொருட்டில்லை என்று சொல்வது வழக்கம். அது அவ்வளவு சரியில்லை. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலி குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத அறையில் தனியே விடப்பட்ட பூனைக்குட்டிகளில் சுமார் 64 சதவீதம் வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. வீட்டைக் காரில் ஏற்ற முடியாது. வீட்டின் வாசனையையும் உங்களையும் ஏற்ற முடியும். பயணத் தயாரிப்பு என்று நாம் செய்யக்கூடியதெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

வண்டி நகர ஆரம்பித்ததும் உடம்பின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. உள்காதில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் குழாய் உடனே திரும்பும். திரவம் மட்டும், பஸ் திடீரென்று கிளம்பும்போது பின்னால் சாயும் நின்ற பயணிகளைப் போல, ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிர்கள் அளந்து மூளைக்குச் சொல்கின்றன. நேர்க்கோட்டு வேகத்தை அளக்கக் கால்சியம் கார்பனேட் பரல்கள் தனியாக இருக்கின்றன. கூரை விளிம்பிலிருந்து விழும் பூனையைக் காற்றிலேயே திருப்பிக் காலூன்ற வைப்பதில் இந்தக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. காரில் அதே கருவி எதிரியாகிறது. கண் பார்ப்பது அசையாத பெட்டிச் சுவர். காது சொல்வது முன்னே, பின்னே, இடது, வலது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் மூளை வாந்தியைத் தூண்டுகிறது. மனிதருக்கு மலைப்பாதைப் பேருந்தில் நடப்பதும் இதுதான்.

சீரான வேகம் தொந்தரவில்லை, வேகம் மாறிக்கொண்டே இருப்பதுதான் தொந்தரவு. மனிதர்களிடம் செய்த சோதனைகளில், ஐந்து வினாடிக்கு ஒரு தடவை வரும் மெதுவான ஆட்டம்தான் அதிகமாகக் குமட்டலைத் தருகிறது என்று தெரியவந்தது. கப்பலின் ஆட்டம் அப்படிப்பட்டது. நகர்வது, பிரேக் போடுவது, மறுபடி நகர்வது என்று போகும் மாலை நேர ஜி.எஸ்.டி. ரோடும் கிட்டத்தட்ட அந்த ரகம்தான். அதனால், மெட்ரோ வேலை நடக்கும் மேடவாக்கம் வழியாகக் குறுக்கே போய்க் கிலோமீட்டரை மிச்சம் பிடிப்பதைவிட, காலை ஆறு மணிக்கு நெரிசலில்லாத சாலையில் கொஞ்சம் சுற்றிப் போவது பூனைக்கு நல்லது. வாந்திக்கு முன் அறிகுறிகள் வரும்: உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சில் விழுங்கும், குரல் மாறி அடித்தொண்டையிலிருந்து நீளமாகக் கத்தும். அந்தக் கத்தலைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அதட்டுகிறவர்கள் உண்டு. பாவம், அது குமட்டலில் கத்துகிறது.

சத்தத்தை அதிகம் விளக்க வேண்டாம். நமக்குக் கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். பூனைக்கு 85,000 வரை கேட்கும். பிரேக் கிறீச்சிடுவதில் நம் காதுக்கு எட்டாத பகுதியும் அதற்குக் கேட்கிறது. பல்லாவரத்தில் லாரி ஹாரன், மீனம்பாக்கத்தில் விமானம் என்று வரிசையாக வரும்போது, காரிலும் பாட்டை அலற விடாமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை.

வெயில் அப்படிக் கடந்துபோகக்கூடிய விஷயமில்லை. மே மாதத்தில் மீனம்பாக்கம் வானிலை நிலையம் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை. பூனைக்கு உடம்பெங்கும் வியர்க்காது, பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். மருத்துவரின் ஸ்டீல் மேசையில் அது விட்டுப்போகும் ஈரக் காலடிகள் அந்த வியர்வைதான். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது சாதாரணம். பூனை வாயைத் திறந்து இரைத்தால் சூடோ, பயமோ, நோயோ எல்லை மீறிவிட்டது என்று பொருள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட அளவீடுகளின்படி, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. ஜன்னலை ஓரிரு அங்குலம் இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் ஏதும் வரவில்லை. “ரெண்டே நிமிஷம், ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று காரில் விட்டுப்போகும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. மூக்கு சப்பையான பெர்சியன் பூனைகளுக்கு மூச்சுப்பாதை குறுகல், சூட்டைத் தணிப்பதில் மற்றவற்றைவிடப் பின்தங்கியவை. அவற்றைத்தான் அந்தக் கண்ணாடிக் குமிழ்ப் பைகளில் அதிகம் பார்க்கிறோம். குமிழுக்குள் வெயில் நேராக விழும், காற்று கொஞ்சம்தான் போகும், ஒளிய மூலையும் கிடையாது. மனிதக் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பைக்கு ஆதரவாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இடம் போனது, குமட்டல், சத்தம், சூடு எல்லாவற்றையும் விடக் கெட்டியான இன்னொரு காரணம் இருக்கிறது. அது நினைவு. பல வீடுகளில் பூனைப் பெட்டியின் இருப்பிடம் லாஃப்ட், கொலு பொம்மை அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில். வருடத்துக்கு ஒருமுறை ரேபிஸ் தடுப்பூசிக்காகக் கீழே இறங்கும். பெட்டி வந்தால் ஊசி வரும் என்று கற்றுக்கொள்ளப் பூனைக்கு ஓரிரு அனுபவம் போதும். அடுத்த ஆண்டு லாஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்கே கட்டிலடிக்குப் போய்விடும். பிறகு துடைப்பக்கட்டையால் விரட்டி, பின்கழுத்தைப் பிடித்து உள்ளே திணிப்பது, கையில் கீறல்கள். பயணம் கெட்டுப்போவது காரில் இல்லை, இந்த ஐந்து நிமிடத்தில்.

இந்த நினைவை அழிக்கும் வழியை அறிவியல் பெரும்பாலும் பூனையிடமிருந்தே கற்றது என்பது பலருக்குத் தெரியாது. 1940-களின் பிற்பகுதியில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் பூனைகளைக் கூண்டில் வைத்துச் சோதனை செய்தார். ஒரு ஒலி, தொடர்ந்து மின்னதிர்ச்சி. கொஞ்ச நாளில் அந்தப் பூனைகள் கூண்டைக் கண்டாலே நடுங்கின; பட்டினியாக இருந்தாலும் கூண்டுக்குள் வைத்த இறைச்சியைத் தொடவில்லை. கூண்டு இருந்த அறையும் அவற்றுக்கு ஆகாததாகிவிட்டது. இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் அனுமதிக்காத கொடுமை அது. வோல்ப்பேயின் பெயர் நிலைத்தது அதற்குப் பிறகு அவர் செய்ததால்.

கூண்டறைக்குக் கொஞ்சமும் ஒப்பில்லாத ஓர் அறையில் அவர் பூனைக்கு உணவு வைத்தார். அங்கே சாப்பிட்டது. அடுத்து, கூண்டறையைச் சிறிதளவு நினைவூட்டும் வேறோர் அறை. அங்கும் பதற்றமில்லாமல் சாப்பிடத் தொடங்கியபின், இன்னும் ஒப்புமை கூடிய அறை. இப்படிப் படிப்படியாகக் கூண்டறைக்கே வந்து, கடைசியில் கூண்டுக்குள்ளேயே பூனைகளைச் சாப்பிட வைத்தார். பயமும் நிம்மதியாக உண்ணுதலும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. பயத்தின் அளவு போதிய அளவு சிறியதாக இருந்தால் உணவு ஜெயிக்கும் என்பது அவர் கண்டது. (அதற்கு முன்பே, 1924-ல், மேரி கவர் ஜோன்ஸ் முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவனைத் தின்பண்டம் கொடுத்து முயலை மெல்ல மெல்ல அருகே கொண்டுவந்து தேற்றியிருந்தார்.) உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள், விமானத்துக்குப் பயப்படுகிறவர்கள் இன்று பெறும் படிப்படியான சிகிச்சை வோல்ப்பே 1958-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளைத்தது. அந்தச் சிகிச்சையின் முதல் நோயாளிகள் கூண்டைக் கண்டு பயந்த பூனைகள்.

ஆக, தாம்பரத்து அடுக்குமாடி வீட்டில் நாம் செய்ய வேண்டியது அவர் செய்ததில் பிற்பாதி மட்டும். பெட்டியை லாஃப்டிலிருந்து இறக்கி, கதவைக் கழற்றிவிட்டு, பூனை ஏற்கெனவே தூங்கும் மூலையில் போட்டுவிடுங்கள். பூனை படுத்துப் புரண்ட பழைய லுங்கியையோ புடவைத் துண்டையோ உள்ளே விரியுங்கள். துவைக்க வேண்டாம், அந்த வாடைதான் நமக்கு வேண்டியது. மெல்லிய துணியால் பூனையின் கன்னத்தை வருடி, பெட்டியின் உள்மூலைகளில் தேய்த்துவிடலாம். காசு கொடுத்து வாங்கும் ஸ்ப்ரேயின் வேலையை ஓரளவு இது செய்யும். சாப்பாட்டுத் தட்டு முதலில் பெட்டிக்குப் பக்கத்தில், பிறகு வாசலில், பிறகு உள்ளே.

இந்த லஞ்சத்துக்கு நெத்திலியை மிஞ்ச ஒன்றுமில்லை. உப்பில்லாமல் வேகவைத்தது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். குழம்பிலிருந்து எடுத்த மீனும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பெட்டிக்குள்ளேயே தூங்க ஆரம்பித்ததும் கதவை மாட்டி, ஒரு வாய் தின்னும் நேரம் மட்டும் சாத்தித் திறக்க வேண்டும். அப்புறம் இரண்டு கையால் அடியில் தாங்கித் தூக்குவது. கைப்பிடியில் பிடித்து ஆட்டிக்கொண்டு போனால் அந்த அரைவட்டக் குழாய்கள் மாடிப்படியிலேயே வேலையைக் காட்டிவிடும். கீழே ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிற்கும் காரில், இன்ஜின் போடாமல், பின்சீட்டில் நீங்களும் உட்கார்ந்து அங்கே ஒரு வேளைத் தீனி. இன்ஜின் ஓடும் காரில் ஒரு வேளை. கேட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஒரு நகர்வு. தெருவை ஒரு சுற்று. கேம்ப் ரோடு சிக்னல் வரை ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் முடிவது வீட்டில்தான், ஊசியில் அல்ல.

எவ்வளவு வேகமாகப் போவது என்று அட்டவணை போட முடியாது. பூனை சாப்பிடுகிறதா என்பதே அளவுகோல். நேற்று ஆவலாகத் தின்ற நெத்திலியை இன்று முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் நீங்கள் ஒரு படி தாண்டிக் குதித்துவிட்டீர்கள். ஒரு படி இறங்கி மறுபடி தொடங்க வேண்டும். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் லிடியா பிராட்ஷ் குழுவினர் இதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 22 பூனைகள்; பாதிக்குச் சுமார் ஆறு வாரம் பெட்டிப் பயிற்சி, பாதிக்கு ஒன்றுமில்லை. கார்ப் பயணத்தில் பயிற்சி பெற்றவை கண்கூடாக அமைதியாக இருந்தன. மருத்துவப் பரிசோதனையும் அவற்றுக்குச் சீக்கிரம் முடிந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவர்களுக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது: பதற்றத்தில் பூனையின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் ஏறும். நடுங்கிக்கொண்டு வந்த பூனையிடம் எடுத்த சர்க்கரை அளவை வைத்து அதற்கு நீரிழிவு என்று முடிவு கட்ட முடியாமல் அவர்கள் திணறுவதுண்டு.

பெட்டியே வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை முக்கியமில்லை. கெட்டிப் பிளாஸ்டிக், மேல்பாதி தனியாகக் கழன்று வரக்கூடியது, பூனை எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம், அவ்வளவுதான். மேல்பாதி கழன்றால் மருத்துவர் பூனையை வெளியே இழுக்காமல் கீழ்ப்பாதியில் வைத்தே பரிசோதிக்கலாம். அந்தக் காய்கறிக் கூடை ஜோடியை நான் கிண்டல் செய்ய மாட்டேன். காற்றோட்டம் நன்றாக இருக்கும். மேலே ஒரு துண்டு போர்த்திவிட்டால் மறைவும் கிடைக்கும். மறைவு சும்மா ஆறுதலுக்கு இல்லை. காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட விரைவாகப் பதற்றம் தணிந்ததை உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் காட்டியிருக்கிறார்கள். கட்டைப்பையைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆட்டோவில் இரண்டு பக்கமும் திறப்பு. ஒரு ஹாரனுக்குப் பை கிழிந்தால் பூனை வேளச்சேரி சாலையின் நடுவில்.

கிளம்பும் நாளில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே தீனியை நிறுத்திவிடலாம், தண்ணீரை நிறுத்த வேண்டாம். போகும்போது தெம்பாக இருக்கட்டும் என்று ஒரு கிண்ணம் பால் வைப்பது பாட்டிமார் அன்பு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் லாக்டோஸ் செரிக்காது, பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் வயிற்றுப்போக்கில் முடியும். ஏ.சி. போட்டு உள்ளே குளிர்ந்தபின் பெட்டியை ஏற்றுங்கள். வைக்கும் இடம், முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளம். அங்கே ஆட்டம் குறைவு, பிரேக் அடித்தாலும் பெட்டி பறக்காது. காற்றுப்பை விரியும் முன்சீட்டில் வைக்கக் கூடாது. பாவமாகக் கத்துகிறதே என்று மடியில் எடுத்து விடுவது கருணைபோலத் தெரியும். பரனூர் சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கும்போது அது வெளியே பாயலாம். அதைவிட மோசம், பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் பதுங்கலாம்.

பொங்கலுக்குத் திண்டிவனம், விழுப்புரம் தாண்டி ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இந்திய அரசின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் 1978-ல் வந்தவை. அவற்றில் நாய்க்கும் பூனைக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. நெடும்பயணத்தில் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தர வேண்டும் என்கின்றன அவை. நிறைசினையாக இருக்கும் பூனையைக் கொண்டுபோகவே கூடாது. தண்ணீர் காட்டும்போது கார்க் கதவும் கண்ணாடியும் மூடியிருக்கட்டும்.

மருந்து கேட்பவர்கள் உண்டு. பழக்கவே நேரமில்லை, அல்லது பழக்கியும் அடங்காத சுபாவம் என்றால் மருந்து தப்பில்லை. பயணத்துக்கு முன் தரும் கபாபென்டின் பூனைகளின் பதற்றத்தைக் குறைப்பதைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவர்கள் 2017-ல் காட்டினார்கள். 2023 நவம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம், பூனைகளின் பயண, மருத்துவமனை பயத்துக்கென்றே பிரிகாபலின் திரவம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. வாந்திக்கு மாரோபிடன்ட் இருக்கிறது. எல்லாமே கால்நடை மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டியவை. வீட்டு மருந்து டப்பாவைத் திறக்கவே கூடாது. நமக்குப் பேருந்து வாந்தியை நிறுத்தும் ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரைகள் பூனையிடம் பெரிதாக எடுபடுவதில்லை, அதன் மூளையில் அந்தப் பாதை வேறு. பாரசிட்டமால் அதைவிட ஆபத்து. அதைப் பாதுகாப்பாக உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்கு மிகக் குறைவு. அதற்கான மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, எங்கள் பூனை எங்கும் போவதில்லையே என்று கேட்கலாம். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்திலும் இருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரை தாண்டி வந்து தெருக்களில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே பகுதிகளில் மறுபடி வெள்ளம். படகோ டிராக்டரோ வாசலுக்கு வந்தால் கிளம்பக் கிடைப்பது சில நிமிடம். மின்சாரமில்லை, புதுக் குரல்கள், தண்ணீர் ஏறும் சத்தம். பயந்த பூனை பரணின் கடைக்கோடியில். 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, செல்லப்பிராணியை விட்டுவர மனமில்லாமல் பலர் வெளியேற மறுத்தார்கள். அடுத்த ஆண்டே, பேரிடர் மீட்புத் திட்டங்களில் செல்லப்பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை பெட்டிதான் திட்டம். தினமும் பெட்டிக்குள் தூங்கும் பூனை, பயந்தாலும் பெரும்பாலும் பெட்டிக்குள்தான் போய் நுழையும். கதவைச் சாத்தித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்டில் பழக்க ஆரம்பித்தால் கணக்கு சரியாக வரும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் வீடு முழுவதையும் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டாம். ஓர் அறை, அதில் கதவு திறந்த அந்தப் பெட்டி, பழைய மண் தட்டு, தண்ணீர். தானாக வெளியே வரட்டும். முதல் நாள் சாப்பிடாமல் கிடப்பது வழக்கம்தான். இரண்டாம் நாளும் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும்.

வீட்டில் இரண்டு பூனை வைத்திருப்பவர்களுக்குத் திரும்பி வந்தபின்னும் ஒரு சோதனை உண்டு. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டு வந்த பூனையைப் பார்த்து, கூடவே பிறந்து வளர்ந்த மற்றது முதுகு மயிரைச் சிலிர்த்துச் சீறும். கண்ணுக்கு அதே பூனைதான். மூக்குக்கு டெட்டாலும் நாய்களும் கலந்த யாரோ ஓர் அந்நியர். சண்டையை விலக்கக் கையை நீட்டாதீர்கள், கடிபடுவீர்கள். வந்ததைத் தனியறையில் விட்டு, பழைய லுங்கியிலேயே படுக்க வைத்து, அது தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்து முடிக்கும்வரை விட்டுவிட வேண்டும். சில ஜோடிகள் அன்றிரவே சேர்ந்து படுத்துவிடும், சிலவற்றுக்கு ஒரு வாரம் பிடிக்கும்.